லேமினேட் செய்த வரலாறு

1

ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கால்பந்து கிளப்புக்குப் பிறந்த நாள். அன்று காலையில் பெங்களூர் அடுகோடியில் ஒரு மதில் சுவர் ஓரமாக நின்று, கிளப்பின் வரலாற்றை ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். படித்து முடித்ததும் அந்த வருடத்துக்கான ஒரு வரியை அதே தாளில் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான். கேக், மாலை, மைக் எதுவும் கிடையாது. பிறகு டீ.

இந்த வருடத்து வரியை எழுத வேண்டிய தாளில் எழுத முடியாமல் போனது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் வருஷா வருஷம் ஆண்டு மலர்ப் புத்தகம் போடும் நண்பர், "பெங்களூர் வாழ்க்கையைப் பத்தி நாலு பக்கம் எழுதுப்பா" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எட்டாவதோடு நின்றவன். தப்பும் தவறுமாக எழுதி ஊரில் சிரிப்பார்களோ என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். இன்னொரு சந்தேகமும் இருந்தது. காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேரும் ஊர் இது. இதைப் போய் அயல்நாடு மாதிரி எழுதலாமா? ஆனால் இங்கே எந்தக் கவுண்டரில் நின்றாலும் முதல் கேள்வி "எந்த ஊரு?" என்பதுதான். முப்பது வருடத்துக்கு மேலாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் நண்பர் திருத்திக்கொள்ளட்டும்.

2

ஈஜிபுராவில் குடியிருக்கிறேன். வேலை வைட்ஃபீல்டில், ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் எட்டு மணிக்குத் தொடங்கும். நான் ஐந்தே முக்காலுக்கே கிளம்பிவிடுவேன். பஸ் வராவிட்டால், வந்து நின்றுவிட்டால், வழியில் ஏதாவது ஊர்வலம் வந்துவிட்டால் என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கிக் கிளம்புவேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏழு மணிக்கே போய் கேட்டுக்கு வெளியே நிற்பேன். செக்யூரிட்டி சிரிப்பார்.

வந்த புதிதில் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தேன். அங்கே டர்னராக இருந்தவர் ஞானப்பிரகாசம். ஞானம் அண்ணன் என்போம். அவரும் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்த கிளப். ரெஜிஸ்டரில் நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. கூப்பிடுவது 'வெள்ளைக்கோடு' என்று. கரும்பச்சைச் சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக்கோடு.

அந்தக் கோடு எங்களுடையது அல்ல. பிரேசிலில் இருந்து வந்தது.

ஞானம் அண்ணன் போகும் சர்ச்சுக்கு ஒரு வயதான ஃபாதர் வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் பல வருடம் பிரேசிலில் கடலோரம் இல்லாத உள்நாட்டு ஊர் ஒன்றில் இருந்தவர். அவரிடம் ஒரு போட்டோ இருந்தது. இரண்டு வரிசையாகப் பதினோரு பேர், முன்வரிசை முட்டி போட்டு, பின்வரிசை கைகட்டி. எல்லோர் நெஞ்சிலும் அந்தக் கோடு. பிரேசில் என்றால் நமக்கு மஞ்சள் சட்டைதான் தெரியும். அந்த நாட்டிலும் நம் வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு மாதிரி ஊர்கள் இருக்கின்றன, அந்த ஊர்களுக்கும் ஒரு கிளப் இருக்கிறது, அதைப் பக்கத்து ஜில்லாக்காரனுக்குக்கூடத் தெரியாது என்று ஃபாதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அந்த ஊரில் பணக்காரர்களுக்கு ஒரு கிளப் இருந்ததாம். ரயில்வே பட்டறையில் வேலை செய்கிறவர்களை உள்ளே விடமாட்டார்களாம். அதனால் பட்டறைக்காரர்கள் தாங்களே ஒன்று ஆரம்பித்தார்கள். மைதானம் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. பந்து எகிறிப் போய் கூட்ஸ் வண்டியில் விழுந்துவிட்டால் வண்டி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அடுத்த ஸ்டேஷனில் இருக்கும் ஆள் பந்தை எடுத்து, எதிர்ப்பக்கம் திரும்பி வரும் வண்டியில் போட்டு அனுப்புவார். அதுவரை எல்லோரும் புல்லில் படுத்துக் கிடப்பார்களாம். ஒரே ஒரு வருடம் அந்த மாநிலத்தின் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். மழையில் ஒரு பெருநகரத்து டீமை ஒரு கோலில் ஜெயித்தார்கள். அடுத்த வருடமே இறங்கினார்கள். அதன் பிறகு ஏறவே இல்லை. மரத்தால் ஆன கேலரியை ஒரு கஷ்ட காலத்தில் விறகுக்கு விற்றார்கள். அதற்குப் பிறகும் விளையாடினார்கள்.

ஞானம் அண்ணன் இதையெல்லாம் ஃபாதர் சொல்லச் சொல்ல ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதிக்கொண்டார். முதல் பக்கம் முழுக்க அவர்கள் கதை. அதன் கடைசி வரி: 'இன்றும் விளையாடுகிறார்கள்.' தாளைத் திருப்பினால் எங்கள் கதை, வருடத்துக்கு ஒரு வரியாக. 'இந்த வருடம் மூன்றாம் டிவிஷன்.' 'இந்த வருடம் செல்வராஜ் கால் உடைந்தது.' 'இந்த வருடம் மைதானத்தில் பாதியை வேலி போட்டார்கள்.' 'இந்த வருடம் மீதிப் பாதியும்.'

அந்த கிளப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. ஞானம் அண்ணன் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார். எது சரி என்று எனக்குத் தெரியாது. அச்சில் தப்பாக வந்துவிட்டால் என்ன செய்வது?

3

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பந்து என்னிடம் வந்தாலே யார் காலையாவது மிதித்துவிடுவேனோ என்று தோன்றும். நான் அந்த கிளப்பில் ஒட்டிக்கொண்டது தமிழ் படிக்கத் தெரிந்ததால். அப்போது இருந்த மற்றவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். தமிழ் வாயில் வரும், கண்ணில் வராது. அதனால் வரலாறு வாசிப்பது என் வேலையானது. வரி எழுதுவது ஞானம் அண்ணன்.

போன வருடம் ஆடிக்குப் பிறகு அவர் தவறிப்போனார். கிளப்பின் காகிதங்கள் இருந்த பை என் வீட்டுக்கு வந்தது. செகரட்டரி என்று என் பெயரை எழுதினார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேப்டன் ஆண்டனி, கூரியர் வேன் ஓட்டுகிற பையன், "சேகரண்ணா, நீங்க ஒருத்தர்தான் எதையும் தொலைக்காத ஆளு" என்றான்.

அது உண்மை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. குடியாத்தத்தில் நான் பள்ளியை விட்டபோது டி.சி. வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா அதை வீட்டுக் கூரை ஓட்டுக்குக் கீழே பத்திரமாகச் செருகி வைத்தார். அடுத்த மழைக்கு ஓடு விலகி, தாள் மாவு மாதிரி ஆகிவிட்டது. பள்ளியில் போய்க் கேட்டதற்கு, ஒரு தடவைதான் தருவோம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா பீடிக்கட்டுக்கு லேபிள் ஒட்டுகிறவர். வாசலில் நின்று இரண்டு முறை கும்பிட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தத் தாள் இருந்திருந்தால் இங்கே வந்து மறுபடி படித்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. படித்திருக்க மாட்டேன். ஆனால் பிறந்த தேதிக்கு ஒரு சாட்சி இல்லாமல் ரேஷன் கார்டிலிருந்து பி.எஃப். வரை நான் நின்ற வரிசைகள் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒவ்வொரு கவுண்டரிலும் அந்த மழைதான் என் தலையில் பெய்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே லேமினேஷன்தான். கல்யாணப் பத்திரிகைகூட.

4

லீக்கில் விளையாட ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு கார்டு உண்டு. போட்டோ ஒட்டிய கெட்டி அட்டை. மேட்ச் தொடங்கும் முன் ரெஃப்ரி அதை வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்ப்பார். ஏழு பேருக்காவது கார்டு சரியாக இருந்தால்தான் மேட்ச். இல்லாவிட்டால் எதிராளிக்கு வாக்கோவர், ஆடாமலேயே வெற்றி.

போன சீசனில் ஒரு மேட்ச் அன்று சிவாஜிநகர் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பையை சட்டைக்குள் வைத்துக் குனிந்துகொண்டேன். அப்படியும் தண்ணீர் இறங்கிவிட்டது. மைதானத்தில் ரெஃப்ரி கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூன்று கார்டில் முகமே இல்லை, நீல நிறமாக ஒரு கறை மட்டும். அன்று வந்திருந்ததே ஒன்பது பேர். மிஞ்சியது ஆறு.

"முகம் இல்லாதவங்களை நான் எப்படி உள்ள விடறது?" என்றார் ரெஃப்ரி.

ஆறு பேரும் சட்டை போட்டபடி கோட்டுக்கு வெளியே நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கோல்கீப்பர் மஞ்சுநாத் மட்டும், "அண்ணா, அடுத்த தடவை நாங்க நனையுறோம், நீங்க குடையை கார்டுக்குப் பிடிங்க" என்றான். அவன் கன்னடக்காரன். எங்களோடு பழகித் தமிழில் கிண்டல் செய்யக் கற்றுக்கொண்டவன்.

அதே சீசனில் இன்னொரு மேட்சுக்கு ஷிப்ட் காரணமாக ஐந்து பேர்தான் வந்தார்கள். இரண்டாவது வாக்கோவர். லீக் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. என் பெண் நிவேதா படித்துச் சொன்னாள். இனி ஒரு குறை வந்தாலும் கிளப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் புது கிளப்பாகத்தான் சேர வேண்டும். புது கிளப் என்றால் சொந்தமாக ஒரு மைதானம் வேண்டும், அல்லது மைதானம் வைத்திருப்பவரின் சம்மதக் கடிதம் வேண்டும். பழைய கிளப்புகளுக்கு அந்த விதி இல்லை. எங்கள் மைதானம் இருந்த இடத்தில் இப்போது மதில் சுவர், உள்ளே கார்கள். அதாவது, பட்டியலிலிருந்து விழுந்தால் எழுந்திருக்க முடியாது.

"ப்பா, சும்மா ஃபிரெண்ட்லி மேட்ச் ஆடிக்கோங்களேன். லீக்ல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றாள் நிவேதா.

அவள் பி.யு. இரண்டாம் வருடம், நம் ஊர் பிளஸ் டூ. வார இறுதியில் ஐரோப்பா மேட்ச் எல்லாம் போனில் பார்ப்பாள். அங்கே ஒரு கிளப் தோற்றால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அடுகோடிக்கு ஒரு தடவை வந்திருக்கிறாள், ஆறு வயதில்.

ஞானம் அண்ணன் தாளின் பின்பக்கத்தில் இன்னும் எட்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார், அதை நான் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான். அதைச் சொன்னால் இன்னொரு தாள் வாங்கிக்கோ என்பாள்.

5

சித்திரையில், மழைக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கும்போதே, எல்லாக் கார்டையும் எடுத்துக்கொண்டு ஈஜிபுரா மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அழிந்துபோன மூன்றுக்கும் போன வருடமே அலைந்து புதுக் கார்டு வாங்கியிருந்தேன். மொத்தம் பதினான்கு. கூடவே வரலாற்றுத் தாளும்.

"எல்லாமே ஒரிஜினலா அண்ணா?" என்றான் கடைக்காரப் பையன்.

"ஆமாப்பா."

"சிங்கிளா, டபுளா? டபுள்னா கட்டியா இருக்கும், தண்ணி ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது."

"டபுளே போடு."

மெஷினிலிருந்து ஒவ்வொன்றாகச் சூடாக வெளியே வந்தது. கையில் வாங்கியபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து ஒரு கார்டைக் குழாயடியில் காட்டி மலரிடம் காண்பித்தேன். மலர் என் வீட்டுக்காரி. "நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கும் ஒண்ணு போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

கார்டின் பின்பக்கம் கட்டம் கட்டமாக இருப்பதை நான் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றிலும் லீக் ஆபீஸ் சீல். காலியான கட்டங்களும் இருந்தன. சீல் வாங்குவது எப்போதும் ஞானம் அண்ணன் வேலை. போன சீசனுக்கும் அவர்தான் வாங்கி வைத்துவிட்டுப் போனார். புதுக் கார்டு மூன்றும் சீலோடுதான் கைக்கு வந்தன. கட்டம் எதற்காகக் காலியாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் யோசிக்கிறவன் நான். அன்றைக்கு என் கண்ணுக்கு மழை மட்டும்தான் தெரிந்தது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. லேமினேட் செய்த தாளோடு, கிளப் பையில் இருந்த அந்த பிரேசில் போட்டோவையும் மேஜையில் வைத்திருந்தேன். நிவேதா வந்து, "இது எந்த டீம்?" என்று கேட்டாள். அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே தன் போனில் அந்தப் போட்டோவைப் படம் பிடித்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் பாஷையில் வந்ததை அவள் போன் இங்கிலீஷாக்கியது. அவள் அதைத் தமிழாக்கினாள்.

"கூட்ஸ் வண்டி கதை இதுல இருக்குப்பா."

"பாத்தியா."

"மழை மேட்சும் இருக்கு." கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். "ஆனா இந்த கிளப் இப்ப இல்லப்பா."

"இல்லன்னா?"

"மூடிட்டாங்க. ஏதோ பேப்பர் கொடுக்கலையாம், லீக்ல இருந்து பேரை எடுத்துட்டாங்களாம். கிரவுண்டுல ஒரு கடை வந்துடுச்சு. பெரிய கடை, நம்ம மால் மாதிரி."

"எப்ப?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

'இன்றும் விளையாடுகிறார்கள்' என்று ஒவ்வொரு ஆடி மாதமும் நான்தான் சத்தமாகப் படித்திருக்கிறேன். அவர்கள் இல்லாமல் போய் இத்தனை வருடம் கழித்தும், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுகோடியில் நாங்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம். உலகத்தில் அந்தக் கோட்டை நெஞ்சில் போட்டிருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் போலிருக்கிறது. இதை ஆண்டனியிடமோ மஞ்சுவிடமோ நான் சொல்லவில்லை. சீசன் தொடங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

"ஸாரிப்பா" என்றாள் நிவேதா. அவள் தப்பு என்ன இருக்கிறது?

6

ஆடிக் கடைசி வாரம். புது சீசனுக்கான சீல் வாங்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் வியாழக்கிழமையே லீவு போட்டுக்கொண்டு லீக் ஆபீஸுக்குப் போய்விட்டேன். கடைசி நாள் வரை வைத்திருப்பது என் வழக்கம் அல்ல. ஆனால் அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் வேலை நடந்ததால் அதற்கு முன்னால் லீவு கொடுக்கவில்லை.

ஆபீஸில் மூர்த்தி என்று ஒரு பெரியவர். ஞானம் அண்ணனுக்குப் பழக்கமானவர். "பா சேகர், கூத்கோ" என்று நாற்காலியைக் காட்டினார். நான் கன்னடத்தில் பேசப் பார்த்தேன். பதற்றம் வந்தால் எனக்கு வினைச்சொல் எல்லாம் தமிழாகிவிடும். அவர் சிரித்துக்கொண்டே, "தமிழ்லயே சொல்லப்பா, நான் ஹலசூர்ல, தமிழ்க்காரங்க நடுவுல பொறந்தவன்" என்றார்.

கார்டுக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் ஸ்டாம்ப் பேடைத் திறந்து, முதல் கார்டைத் திருப்பி, சீலை அழுத்தினார். தூக்கினார். ஊதா மை சொட்டுச் சொட்டாக ஒதுங்கி நின்றது. விரலால் தொட்டார். விரலோடு வந்துவிட்டது.

"இதேனப்பா இது?"

"மழைக்காக, சார்."

இரண்டாவது கார்டு, மூன்றாவது. கட்டு முழுவதையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தார்.

"சீல் எல்லி ஹாக்லி நானு?" என்றார். எங்கே போடுவேன் நான் என்று. அதட்டியிருந்தால்கூட எதிர்த்து ஏதாவது பேசியிருப்பேன். நிஜமாகவே இடம் தேடுகிற ஆள் மாதிரி கேட்டார்.

"மேலயே போட்டுக் கொடுத்துடுங்க சார். நான் டேப் ஒட்டிக்கறேன்."

"நான் போடறேன். கிரவுண்டுல ரெஃப்ரி ஒத்துக்குவானா? எதிர் டீம் ப்ரொடெஸ்ட் கொடுத்தா என் சீலே பொய்னு ஆயிடும்."

"புதுக் கார்டு கொடுக்க முடியாதா சார்?"

அவர் ரூல் புத்தகத்தை எடுத்து, எனக்காகத்தான், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். "கார்டு தொலைஞ்சா போலீஸ் கம்ப்ளைன்ட் காப்பி வேணும். உன் கார்டு தொலையல. கார்டு அழிஞ்சா, போட்டோ அழிஞ்சிருக்கணும். உன் கார்டுல போட்டோ ஜோரா இருக்கு, நோடு, பாரு, சினிமா ஸ்டார் மாதிரி. இப்படி ஒரு கேஸ் இதுல எழுதவே இல்லப்பா. கமிட்டிக்குத்தான் போகணும்."

"கமிட்டி எப்ப சார்?"

"சீசன் ஆரம்பிச்சப்புறம்."

"ஆரம்பிச்சப்புறம்னா, எங்க பேரு இருக்காதே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞானம் வருஷா வருஷம் கார்டை பிஸ்கட் டின்ல போட்டுக் கொண்டுவருவாரு" என்றார். "டின்லயே வெச்சிருக்கலாமே, சேகர்."

7

வெளியே வந்து ஆண்டனிக்குப் போன் செய்தேன். அவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கார்டிலிருந்து பிளாஸ்டிக்கை மெதுவாக எடுக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னான். "ஏழு போதும், அண்ணா, ஏழு" என்றான்.

கடைக்காரப் பையன் தொடவே மாட்டேன் என்றான். "டபுள்ணா. எடுத்தா அட்டை ரெண்டா உரிஞ்சிடும்."

சாயங்காலம் மலர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். மேலே துணி போட்டுத் தேய்த்தால் பிசின் இளகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மஞ்சு வந்திருந்தான். முதலில் தன் கார்டையே நீட்டினான்.

"வேற யாருதையாவது முதல்ல பாக்கலாம்ப்பா, நீ கீப்பரு."

"கீப்பர்தானே முன்னாடி அடி வாங்கணும். போடுங்க அக்கா."

மலர் தேய்த்தாள். ஓரம் கொஞ்சம் தூக்கியது. அவள் நகத்தால் பிடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் வந்தது. கூடவே மஞ்சுவின் முகமும் வந்தது. அட்டையில் வெள்ளைச் சதுரம், பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தில் மஞ்சு.

அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இப்ப அழிஞ்ச கார்டு ஆயிடுச்சுல்லண்ணா. இதுக்கு ரூல் இருக்கு" என்றான்.

ஒரு நிமிடம் எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை திறக்கும் முன்பே போய் நின்றேன். மூர்த்தி சார் கார்டைப் பார்த்தார், பிளாஸ்டிக்கைப் பார்த்தார். அழிந்த கார்டுக்குப் பதில் கார்டு கொடுக்கலாம். ஆட்டக்காரர் நேரில் வர வேண்டும், உள்ளூர் விலாசச் சான்று வேண்டும், வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சமீபத்தில் வந்தவர்கள், அவர்களின் ஆதார் இன்னும் ஆம்பூர், ஜோலார்பேட்டை விலாசத்தில் இருக்கிறது. பதினைந்து நாளும் இல்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணி வரைதான் இருந்தது.

அங்கிருந்து வைட்ஃபீல்டுக்கு ஓடினேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் செயற்கைப் புல் போட்ட குட்டி மைதானம் ஒன்று இருக்கிறது. அதன் லைட்டுகளை மாற்றுவது நான்தான். புது கிளப்பாகவே சேர்ந்துவிடலாம், ஒரு சம்மதக் கடிதம் கிடைத்தால் போதும் என்று மேனேஜர் மேடத்திடம் போய் நின்றேன். அவர்கள் நல்ல மாதிரி. முழுவதையும் கேட்டார்கள். "சேகர், உங்களுக்குன்னா பரவாயில்ல. வெளி ஆளுங்கன்னா ரெசிடென்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முதுகிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்.

ஐந்து மணி ஆனபோது பஸ்ஸில் இருந்தேன். மாரத்தஹள்ளியில் வண்டி அசையவே இல்லை. போனை எடுத்து மணி பார்த்தேன், பிறகு மறுபடி பார்த்தேன். அதன் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

8

ஞாயிற்றுக்கிழமை மதில் சுவர் ஓரம் எட்டுப் பேர் வந்தார்கள். ஏழுக்கு மேல் ஒன்று. சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் சொல்லிப் போடவில்லை. தூறல் இருந்தது.

நிவேதாவைக் கூப்பிட்டேன். டியூஷன் இருக்கிறது என்றாள். அது உண்மைதான்.

தாளை எடுத்துப் படித்தேன். ரயில்வே பட்டறை, கூட்ஸ் வண்டி, மழை மேட்ச், விறகுக்குப் போன கேலரி. தூறல் பிளாஸ்டிக்கின் மேல் விழுந்து உருண்டது. ஒரு எழுத்துகூடக் கலங்கவில்லை. முதல் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தேன். நிறுத்திவிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எட்டுப் பேரும் அந்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்வது வழக்கம்.

"இன்றும் விளையாடுகிறார்கள்" என்றேன்.

"இன்றும் விளையாடுகிறார்கள்" என்றார்கள். மஞ்சுவும் சொன்னான். அவனுக்குத் தமிழில் முழுதாகத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான் என்று ஞானம் அண்ணன் கேலி செய்வார்.

தாளைத் திருப்பி மீதியைப் படித்தேன். பிறகு பேனாவை எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வரிக்கான இடம் அப்படியே வெள்ளையாகத் தெரிகிறது. பேனா வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அழுத்தினேன். கோடு விழுந்தது, மை விழவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. ஆண்டனி வேனுக்குப் போய் பார்சலில் விலாசம் எழுதும் மார்க்கரைக் கொண்டுவந்தான். "என்ன எழுதணும்ணா?" என்றான். "நீங்க சொல்லுங்க."

"கார்டு செல்லாததால்னு எழுதலாமா?" என்றேன்.

"அதெல்லாம் வேணாம்ணா. ஞானம் அண்ணன் காரணம் எழுத மாட்டாரு" என்றான் ஆண்டனி.

மார்க்கரால் நானே எழுதினேன்: 'இந்த வருடம் விளையாடவில்லை.' கறுப்பாக, பெரிதாக வந்தது. ஈரத்தில் ஓரம் கொஞ்சம் இழுத்தது. மஞ்சு வாயால் ஊதினான்.

"அடுத்த வருஷம் என்னண்ணா எழுதுவீங்க?" என்றான் ஒருவன்.

"இதேதான். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் பண்ணி வெச்சுக்கலாம்" என்றான் மஞ்சு. பிறகு, "அதுவும் ஒட்டாதே" என்றான்.

டீ குடித்தோம். சட்டைகளைத் துவைத்து என்னிடம் கொடுப்பதாகச் சொன்னார்கள். இனி யார் வீட்டில் இருந்தால் என்ன என்று நினைத்தேன், சொல்லவில்லை. மழை கனத்தது. பழக்க தோஷம், தாளைச் சட்டைக்குள் பனியனோடு அணைத்துக்கொண்டு, குனிந்தபடியே ஈஜிபுரா வரை நடந்தேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றியபோது மலர், "இதென்னங்க பனியன்ல கறுப்பா?" என்றாள். தாளை எடுத்துப் பார்த்தேன். மார்க்கர் எழுத்து ஒன்றுகூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. திருப்பினேன். முதல் பக்கத்தில் ஞானம் அண்ணனின் கடைசி வரி, பிளாஸ்டிக்குக்கு உள்ளே, எழுதிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.